ஒன்ராறியோவில் முதல் வாடகை வீடு: சாவி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ரொறன்ரோவுக்கும் அதன் சுற்றுப்புற நகரங்களுக்கும் புதிதாக வரும் தமிழர் பலருக்கு முதல் வீடாக அமைவது, ஸ்காபறோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ தெரிந்தவர் ஒருவர் வழியாகக் கிடைக்கும் பேஸ்மென்ட், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளம்தான். முன்பு கடன்களை ஒழுங்காக அடைத்தீர்களா என்ற கடன் வரலாற்றைத் துருவமாட்டார்கள், பேச்சும் தமிழிலேயே முடிந்துவிடும், அடுக்குமாடிக் குடியிருப்பைவிட வாடகையும் பெரும்பாலும் குறைவு என்பதால் அதைத் தேடிப் போவதில் தவறில்லை. ஆனால் தெரிந்தவர்தானே என்று எதையும் எழுத்தில் பெறாமல் குடிபுகுவதுதான் பல பிணக்குகளுக்குத் தொடக்கமாகிறது.

வாடகை எவ்வளவு என்பதற்கும் முன்பாகக் கேட்க வேண்டியது, சமையலறையும் குளியலறையும் யாருடன் பொது என்பதாகும். அதே கட்டடத்தில் வசிக்கும் உரிமையாளருடனோ, அவருடைய துணை, பிள்ளைகள், பெற்றோருடனோ இவற்றில் ஒன்றையேனும் பகிர்ந்தாக வேண்டிய ஏற்பாடாக இருந்தால், ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. வாடகை உயர்வுக்கான வரம்பும், வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்றி வெளியேற்ற முடியாது என்ற காப்பும் அப்போது கிடைக்கமாட்டா. மற்ற வாடகையாளர்களுடன் மட்டும் பகிர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை. தனியாக வரும் மாணவர் சில மாதங்களுக்கு உரிமையாளருடன் பகிர்ந்தும் இருந்துகொள்ளலாம். குழந்தைகளுடன் வரும் குடும்பம், வாடகை சற்றுக் கூடினாலும், தனிச் சமையலறை உள்ள வீட்டையே தேடுவது நல்லது என்பது என் கருத்து.

சட்டம் பொருந்தும் வீடாயின், உரிமையாளர் கேட்கக்கூடிய முற்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதுவும் கடைசி மாத வாடகையாகவே கழிக்கப்பட வேண்டும், இடைப்பட்ட காலத்துக்கு ஆண்டுதோறும் வட்டியும் தரப்பட வேண்டும். முதல் மாத வாடகையையும் சேர்த்துக் கொடுப்பதால்தான் இங்கு எல்லோரும் ‘ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட்’ என்கிறார்கள். சேதங்களுக்கென்று தனி வைப்புப் பணம் கேட்பது சட்டவிரோதம். ஓராண்டுக்கான பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயம் தர வேண்டும் என்றும் வற்புறுத்த முடியாது. வீட்டை நேரில் பாராமல், படங்களை மட்டும் நம்பி, ஊரிலிருந்தே பணம் அனுப்பச் சொல்பவரிடம் எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். இணைய விளம்பரங்களில் அடுத்தவர் வீட்டுப் படத்தைப் போட்டுப் பணம் பறிப்பது இங்கு மிகப் பழகிப்போன மோசடி.

அடுக்குமாடிக் குடியிருப்புகளை நடத்தும் நிறுவனங்கள் கடன் அறிக்கையும் முந்தைய வீட்டுக்காரரின் பரிந்துரையும் கேட்கும். இரண்டும் இல்லாத புதியவர், வேலைக் கடிதம், வங்கி இருப்புக் கூற்று, பிணை நிற்க ஒப்பும் உறவினர் ஒருவரின் விவரம் ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டி வைத்திருக்கலாம். கடன் வரலாறோ வாடகை வரலாறோ இல்லை என்பதையே ஒரு குறையாகக் கொண்டு மறுக்கக்கூடாது என்பது மாகாண மனித உரிமை விதிகளின் நிலைப்பாடு என்றாலும், வீடு தேடி அலையும் நாளில் சட்டத்தைக் காட்டுவதைவிட ஆவணங்களைக் காட்டுவதே விரைவில் பலன் தரும்.

வீட்டைப் பகலில் பாருங்கள். பேஸ்மென்ட் எனில், தீப்பிடித்தால் வெளியேறப் போதுமான சன்னலோ இரண்டாவது வழியோ உண்டா, புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மொனொக்சைட் கருவியும் இயங்குகின்றனவா, சுவரின் அடிப்பகுதியில் ஈரக்கறை தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி மேல்தளத்தில்தான் இருக்கிறதென்றால், குளிர்காலத்தில் அது எந்த அளவில் வைக்கப்படும் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ரொறன்ரோ மாநகர விதி குறைந்தது 21 பாகை செல்சியஸைக் கோருகிறது. ‘ஸ்காபறோ சென்டர் ரயில் அருகில்’ என்று சொல்லும் பழைய விளம்பரங்களையும் நம்பிவிட வேண்டாம்: அந்த ரயில் 2023 ஜூலையோடு நின்றுவிட்டது, இப்போது ஓடுவது பேருந்து.

மின்சாரம், நீர், எரிவாயு, இணையம், வாகனத் தரிப்பிடம், பனி அள்ளும் பொறுப்பு ஆகியவற்றில் எவை வாடகைக்குள் அடங்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். பெரும்பாலான வாடகைகளுக்கு மாகாண அரசின் பொதுப் படிவத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது 2018 ஏப்ரல் 30 முதல் நடைமுறையில் உள்ளது; உரிமையாளர் தராவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள், 21 நாட்களுக்குள் அவர் தந்தாக வேண்டும். வீடு எப்போது முதன்முதலாகக் குடியிருப்பாயிற்று என்ற விவரமும் அப்படிவத்தோடு தெளிவாகட்டும், ஏனெனில் 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முறை குடியேறப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு ஆண்டு வாடகை உயர்வின் உச்சவரம்பு பொருந்தாது. அவ்வீடுகளிலும்கூட 12 மாதங்களுக்கு ஒருமுறைதான், 90 நாள் எழுத்து அறிவித்தலுடன்தான், வாடகையை உயர்த்த முடியும்.

வாடகையைக் கையில் பணமாகவே கேட்கும் வீட்டுக்காரரும், வரிக்கணக்கில் அதைக் காட்ட வேண்டாம் என்று சொல்பவரும் உண்டு. குறைந்த வருமானமுள்ள வாடகையாளருக்கு மாகாணம் தரும் ட்ரிலியம் கொடுப்பனவுக்கு, கட்டிய வாடகையையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே அந்த வேண்டுகோளுக்கு இணங்குவது உங்களுக்கே நட்டம். பற்றுச்சீட்டு கேட்டால் உரிமையாளர் கட்டணமின்றித் தர வேண்டும். ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் புதிதாகக் கையெழுத்திடாவிட்டாலும் வாடகை மாதத்துக்கு மாதம் தானாகத் தொடரும். அதன்பின் வீடு மாற விரும்பினால், வாடகைக் காலம் ஒன்றின் கடைசி நாளோடு முடியும்படி, குறைந்தது 60 நாட்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.