கணவர் இறந்த பிறகு அமெரிக்க கிரீன் கார்டு: எங்கே தொடங்குவது?

அமெரிக்காவில் கணவரைப் பறிகொடுத்த பெண்ணுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “இனி அங்க என்ன இருக்கு தாயி, பெட்டியக் கட்டிட்டு வந்துரு.” பாசத்தில் சொல்வதுதான். ஆனால் டிக்கெட் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். மனைவியை இழந்த ஆண்களுக்கும் இதே விதிதான்.

படி 1: உங்கள் நிலை என்ன?

10 வருட கிரீன் கார்டு இருந்தால் பயமில்லை; கணவர் இறந்ததால் அது பறிபோகாது. 2 வருட நிபந்தனைக் கார்டு என்றால், அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தை இறப்புச் சான்றிதழோடு நீங்கள் மட்டுமே போடலாம். கார்டே இல்லை, கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால், துணையை இழந்தவர் தாமே போடும் ஐ-360 மனு. அவர் எச்-1பி (வேலை விசா), நீங்கள் எச்-4 (அவரைச் சார்ந்த விசா) என்றால் இந்த வழி உதவாது, உடனே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

படி 2: கெடு

ஐ-360 மனுவை இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். அவர் உங்களுக்காக முன்பே ஐ-130 என்ற குடும்ப மனுவைப் போட்டிருந்தால் அதுவே ஐ-360 ஆகிவிடும். திருமணமாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2009 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளையும் சேர்க்கலாம். கார்டு வருமுன் மறுமணம் செய்தால் இந்த உரிமை போய்விடும். “யாரு ஸ்பான்சர் பண்ணுவா?” என்று கேட்பார்கள். இந்த மனுவுக்கு ஸ்பான்சர் பத்திரம் தேவையில்லை.

படி 3: காகிதங்கள்

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். திருமணப் பத்திரிகையும் ஆல்பமும் துணை ஆதாரம் மட்டுமே. பதிவுச் சான்றிதழ்தான் முக்கியம். அதை சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லுங்கள். கணவர் ஊரில் இறந்திருந்தால் 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்துவிடுங்கள்.

அடுத்த தலைவலி இனிஷியல். திருமணச் சான்றில் ‘சு. மாரியம்மாள்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, வெறும் ‘மாரியம்மாள்’. அதனால் விசாவில் ‘எஃப்.என்.யு. மாரியம்மாள்’ (எஃப்.என்.யு. என்றால் ‘முதல் பெயர் தெரியாது’) என்று அச்சாகியிருக்கும். பேங்க் கணக்கிலோ ‘மாரியம்மாள் முருகன்’. நாலும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று போட்டு, பாஸ்போர்ட் நகலோடு இணையுங்கள். இறப்புச் சான்றிதழில் கணவர் பெயர் எழுத்துக்கு எழுத்து அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

தமிழில் உள்ள எதற்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இது முழுமையானது, சரியானது, மொழிபெயர்க்கும் தகுதி எனக்கு உண்டு என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அதற்கு நோட்டரி முத்திரை தண்டச் செலவு.

படி 4: பதினாறாம் நாளுக்கு ஊருக்குப் போகலாமா?

அஸ்தியைத் தாமிரபரணியில் கரைக்க வேண்டும், வராமல் இருப்பாயா என்பார்கள். அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டுக்காகப் போட்ட ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி இல்லாமல் விமானம் ஏறினால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். குடும்பத்தில் சாவு என்றால் ஐ-131 படிவத்தில் அவசர அனுமதி கேட்கலாம். குடியேற்றத் துறையின் உதவி எண்ணுக்கு முதலில் போன் போடுங்கள். கைக்கு அனுமதி வராமல் சீட்டு எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஊரில்தான் இருக்கிறீர்கள் என்றால், அங்கிருந்தே ஐ-360 போடலாம். நேர்காணல் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நடக்கும்.