சீன பைக்கில் கரண்ட் கோளாறா? முதலில் கனெக்டரைப் பாருங்கள்

விலை குறைந்த சீன பைக்குகள் பலவற்றில் இருப்பது ஹோண்டா சிஜி125 இன்ஜினின் நகல். இன்ஜின் நன்றாகவே உழைக்கும். காலை வாரிவிடுவது வயரிங்தான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஹெட்லைட் மங்குகிறது என்றதும் சிடிஐ (ஸ்பார்க் பிளக்கில் பொறியை உண்டாக்கும் யூனிட்), பேட்டரி என்று காசைக் கொட்டாதீர்கள்.

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, டேங்குக்கு அடியில் வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இல்லாவிட்டால் வெள்ளை பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பேறி, ஒரு ஓரம் இளகிப் போயிருக்கும். இளகியதை மாற்றியே ஆகவேண்டும். களிம்பு மட்டும்தான் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, தளர்ந்த பின்னை லேசாக இறுக்கி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் புகாமல் காக்கும், மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவி மாட்டுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

எர்த் வயரையும் மறக்காதீர்கள், பெரும்பாலும் பச்சை நிறம். எங்கள் வண்டியில் அதை ஃபிரேம் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள்! உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டியதும் இண்டிகேட்டர் ஒழுங்காக மின்ன ஆரம்பித்தது.

அடுத்தது ரெகுலேட்டர், அதாவது பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம். பேட்டரியின் மைனஸ் வயரைத் திரும்ப மாட்டி, மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை முறுக்குங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் காட்டினால் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை உடனே மாற்றுங்கள், இல்லையேல் பல்பும் பேட்டரியும் சேர்ந்தே போகும். 13-ஐ எட்டவே இல்லையென்றால் இன்ஜினுக்குள் கரண்ட் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டர் காயிலையும் சோதிக்கவேண்டும்.