விசைக் கணக்குப் போடும் வழி

பத்தாம் வகுப்பு இயக்க விதிகளுக்கு, பாளையங்கோட்டை டியூஷனில் நான் முதலில் சொல்வது: சூத்திரத்தைத் தொடாதே, அலகைத் திருத்து. வண்ணார்பேட்டை ரோட்டில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு லோடு ஆட்டோ, சரக்கோடு 1,000 கிலோ. 36ஐ 3.6ஆல் வகு, நொடிக்கு 10 மீட்டர். பிரேக் பிடித்து 5 நொடியில் நின்றால், வேகம் நொடிக்கு நொடி 2 மீட்டர் குறைகிறது. இதுதான் முடுக்கம்; குறைவதால் மைனஸ் 2. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் 2,000 நியூட்டன், ஓட்டத்துக்கு எதிர்த்திசையில். அந்த மைனஸை விட்டால் மார்க் போச்சு.

அப்புறம் உராய்வு. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரை நிலையிலிருந்து அசைக்கத்தான் வடம் பிடிப்பவர்களுக்கு மூச்சு முட்டும். மாறாத வேகத்தில் நேராக உருளும்போது நிகர விசை, அதாவது எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்த மிச்சம், பூஜ்யம். “அத்தனை பேர் இழுக்காங்களே சார்?” என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். இழுவை ஓர் அம்புக்குறி, உராய்வு எதிர் அம்புக்குறி. இரண்டையும் ஒரே நீளத்தில் வரையச் சொல்வேன்.