ஆன்டிமணி மூட்டையைப் பிரிப்பது எப்படி: கேபிள் பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருநெல்வேலிப் பேட்டைப் பக்கம் ஒரு சின்ன பிவிசி கலவைப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஓர் ஆனி மாதம். இரண்டாம் நாளே ஒரு வெள்ளை மூட்டையைக் காட்டி, "இதைப் பிரிச்சு மிக்ஸர்ல தட்டு" என்றார்கள். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தட்டினேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று திறந்திருந்த ஷட்டருக்குள் புகுந்து பொடியை அள்ளிக்கொண்டு போனது. மதியம் பார்த்தால் டிபன் பாக்ஸ் மூடிமேல் மைதா தூவினாற்போல் ஒரு படலம். வாயால் ஊதிவிட்டுத் திறந்து சாப்பிட்டேன்.

அன்றைக்கு நான் செய்தவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை. நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பொடி என்ன?

ஆன்டிமணி ட்ரையாக்சைடு. வயர், கேபிள் மேலுறைக்கான பிவிசியில் தீ பரவாமல் தடுக்கச் சேர்ப்பது. பிவிசி பிசினில் (கலவைக்கு அடிப்படையான பிளாஸ்டிக் தூளைத்தான் பிசின் என்போம்) பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின்தான். அதனால் கெட்டியான பிவிசி பைப் எளிதில் பற்றாது. ஆனால் வயர் வளைய வேண்டும் என்பதற்காக அதில் ஆயில் (பிளாஸ்டிசைசரைப் பட்டறையில் அப்படித்தான் சொல்வோம்) ஊற்றுகிறோமே, அந்த ஆயில் எரியும். அங்கேதான் ஆன்டிமணி வருகிறது. தீயின் சூட்டில் அது குளோரினோடு சேர்ந்து ஆவியாகி, சுடர் தொடர்ந்து எரிய வேண்டிய வேதிச் சங்கிலியை நடுவில் அறுத்துவிடும். 100 கிலோ பிசினுக்கு 3 முதல் 5 கிலோ போட்டாலே பெரும்பாலும் போதும்.

கேபிளுக்குள் போய் உறைந்த பிறகு அதனால் தொழிலாளிக்கு அநேகமாகத் தொல்லை இல்லை. மூட்டைக்கும் மிக்ஸருக்கும் நடுவே, தூசியாகப் பறக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்து. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்தத் தூசியை எழும்பவிடாமல் செய்வதற்கே.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 1989இல் '2பி' வகையில், அதாவது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு உண்டு என்ற வகையில், வைத்திருந்தது. 2022இல் கூடிய குழு மூவிணைதிற ஆன்டிமணி (நம் பொடியும் அதில் ஒன்று) முழுவதையும் '2ஏ'வுக்கு, அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற வகைக்கு, ஏற்றிவிட்டது. "கண் மை செய்ய அந்தக் காலத்திலேயே அஞ்சனக்கல் அரைத்தார்களே, அதுவும் ஆன்டிமணிதானே" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு மாஸ்க்கை எடுங்கள். அது சல்ஃபைடு, இது ஆக்சைடு. தவிர, மையை யாரும் மூச்சில் இழுப்பதில்லை.

படி 1: பொடியே வேண்டாம் என்று கேளுங்கள்

இதை எல்லாரும் கடைசியில் சொல்வார்கள். நான் முதலில் சொல்கிறேன். இதே சரக்கு மாஸ்டர்பேட்ச் குருணையாகவும் (பொடியைப் பிளாஸ்டிக்கில் கலந்து குருணையாக்கியது), ஆயிலில் குழைத்த பசையாகவும், லேசாக ஆயில் தடவி ஈரப்படுத்திய பொடியாகவும் கிடைக்கிறது. குருணை என்றால் தூசி அநேகமாக இல்லை. விலை கூடுதல்தான். ஆனால் காற்றில் பறந்து வீணாகும் சரக்கு, துடைக்கும் ஆள்கூலி, மாஸ்க் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் முதலாளி யோசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர் முதலாளியிடம் பேச முடியாது என்பது எனக்கும் தெரியும். ஃபோர்மேன் அண்ணாச்சி காதில் போட்டுவையுங்கள். ஆறு மாதம் கழித்தாவது நடக்கும்.

படி 2: தரவுத்தாளைப் படியுங்கள்

மூட்டையோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாளில் 16 பகுதிகள் இருக்கும். பட்டறையில் அதை எம்எஸ்டிஎஸ் என்பார்கள். முழுவதும் வேண்டாம். 2 (என்ன ஆபத்து), 4 (முதலுதவி), 6 (சிந்தினால்), 8 (என்ன அணிய வேண்டும்), இந்த நான்கு போதும். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்த ஒருவரை வைத்துத் தமிழில் எழுதி மிக்ஸர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மூட்டை மேலேயே, மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தாற்போல் ஒரு படம் இருக்கும். நெடுநாள் நோய் வரலாம் என்பதற்கான அடையாளம் அது.

படி 3: இடத்தைத் தயார் செய்யுங்கள்

காற்றடிக்கும் பக்கத்து ஷட்டரை இறக்குங்கள். சீலிங் ஃபேனை அணையுங்கள். வேர்த்துக் கொட்டும்தான், பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலையைச் சுற்றவைக்கும் காற்று இந்த ஒரு மைக்ரான் பொடியை விட்டுவைக்குமா?

மிக்ஸர் வாயருகே தூசியை இழுக்கும் உறிஞ்சுகுழாய் இருந்தால் முதலில் அதை ஓடவிடுங்கள். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இருந்தால் நிற்கும் இடத்தைப் பாருங்கள். மிக்ஸருக்கும் ஃபேனுக்கும் நடுவே நின்றால் தூசி முழுவதும் உங்கள் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும்.

எவ்வளவு தூசி அதிகம் என்று கேட்கலாம். எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மில்லிகிராம் ஆன்டிமணி என்பது அமெரிக்கத் தொழிலிட வரம்பு. 20 அடி நீளம், 15 அடி அகலம், 14 அடி உயரம் உள்ள ஓர் அறையைக் கணக்குப் போட்டால், அறை முழுக்க மிதக்க அனுமதி உள்ள பொடி சுமார் 70 மில்லிகிராம். நெற்றியில் பூச எடுக்கும் ஒரு சிட்டிகைத் திருநீறு அதைவிட அதிகமாகவே இருக்கும்.

படி 4: மாஸ்க்

கைக்குட்டை, துண்டு, சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் ஆகாது. ஐஎஸ் 9473 (தூசி மாஸ்க்குக்கான இந்தியத் தரநிலை) முத்திரை உள்ள எஃப்எஃப்பி2 மாஸ்க் வாங்குங்கள், அதைவிட நன்றாக வடிகட்டும் எஃப்எஃப்பி3 கிடைத்தால் இன்னும் நல்லது. மூக்குக் கம்பியை அழுத்தி, இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் திரும்பக் கட்டுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கார்த்திகை பிறந்தால் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள், தாடி வளரும். தாடிமேல் எந்த மாஸ்க்கும் ஒட்டாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். சாமிக்காக வளர்த்த தாடியை மழிக்கச் சொல்ல யாருக்கும் மனசு வராது, சொல்லவும் வேண்டாம். அந்த 41 நாளும் அவரை பேக்கிங்குக்கோ டிஸ்பாட்சுக்கோ மாற்றிவிடுங்கள்.

அப்புறம் நைட்ரைல் கையுறை, பக்கம் மூடிய கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை.

படி 5: பிரிப்பதும் கொட்டுவதும்

மூட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆன்டிமணி கனமான சரக்கு, தண்ணீரைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் அடர்த்தி. 25 கிலோ மூட்டை கைக்கு அடக்கமாகத் தெரியும். ஒற்றைக் கையால் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூட்டையைக் கிழிக்காமல், மேல் ஓரத்தைக் கத்தியால் நேராக வெட்டுங்கள். மூட்டை வாயை ஹாப்பருக்குள் (மிக்ஸரில் சரக்கு கொட்டும் புனல்) இறக்கி வைத்து, பைய சரியவிடுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் புகைதான். எடை போட வேண்டுமென்றால் குழிவான கரண்டியால் அள்ளி, தராசுக்கு மிக அருகில் கவிழுங்கள். இன்னும் நல்ல வழி, தேவையான பொடியை மூடியுள்ள வாளியில் ஆயிலோடு குழைத்துக்கொண்டு, பசையாக மிக்ஸரில் விடுவது. நனைந்த பொடி பறக்காது.

கடைசியில் மூட்டையை உதறுவார்கள் பாருங்கள், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். உதறாதீர்கள். மடிக்கும்போது உள்ளே இருக்கும் காற்றோடு பொடியும் முகத்தில் அடிக்கும். உறிஞ்சுகுழாய்க்குப் பக்கத்தில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருட்டி, நேராகப் பெரிய பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள்.

படி 6: சிந்தினால்

வாரியலைத் தொடாதீர்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வேக்குவம் இருந்தால் அது, இல்லையென்றால் ஈரத்துணி. துணியை அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். சாக்கடை வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் தாமிரபரணிக்குப் போகும்.

படி 7: வேலை முடிந்ததும்

முதலில் கையுறையோடு சட்டைத் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், அப்புறம் கையுறை, கடைசியாக மாஸ்க். சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம், நகத்துக்குள் இருப்பது நேராகச் சோற்றுக்குள் போகும். கழுவாத கையால் பீடி பற்றவைப்பதும் அதே கதைதான். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கப் போடாதீர்கள்.

தோலையும் கவனியுங்கள். இந்தத் தூசி வேர்வையோடு சேர்ந்தால் கழுத்து, முழங்கை மடிப்பு, தொடைப் பக்கம் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். நம் வெயிலில் வேர்க்குரு என்று பவுடர் போட்டு விட்டுவிடுவார்கள். கொஞ்சம் பெரிதானால் அம்மை என்று நினைத்து வேப்பிலையில் படுக்கவைப்பதும் உண்டு. வேலைக்குப் போகாத நாளில் குறைந்து, போன நாளில் கூடினால் டாக்டரிடம் "ஆன்டிமணிப் பொடியில் வேலை பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றவே தோன்றாது.

வேறு பொடி வந்தால்

தீத் தடுக்க வேறு பொடிகளும் உண்டு. அலுமினியம் ஹைட்ராக்சைடு என்றால் இவ்வளவு பயம் இல்லை. தூசி மாஸ்க் போதும், கலவையை உருக்கித் தள்ளும் இயந்திரத்தின் பேரல் சூட்டை மட்டும் 200 டிகிரிக்கு உள்ளே வையுங்கள், தாண்டினால் நீராவி விட்டுக் குமிழி அடிக்கும். நைலானுக்குப் போடும் சிவப்புப் பாஸ்பரஸ் முற்றிலும் வேறு. கோவில்பட்டித் தீப்பெட்டியின் உரசுபட்டையில் இருப்பது அதேதான். உரசினால் பற்றும். மேலே சொன்ன படிகளை மட்டும் நம்பி அந்த டின்னைத் திறக்காதீர்கள்.

காலி மூட்டை

இந்த மூட்டை நல்ல கெட்டி. அதனாலேயே பழைய சாக்குக் கடைக்குப் போய்விடும், அங்கிருந்து வத்தல் காயப்போடவோ நெல் கட்டவோ யார் வீட்டுக்காவது போகும். எங்கள் பட்டறைக்கு எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு மாசியிலும் வந்து, "தம்பி, ரெண்டு வெள்ளச் சாக்கு தாங்களேன்" என்று கேட்பார். பிசின் வந்த சாக்கையும் கொடுப்பதில்லை, எது எதோடு கிடந்தது என்று யாருக்குத் தெரியும். கடைத்தெருவில் புதுச் சாக்கு இரண்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். ஆன்டிமணி மூட்டைகள் கட்டிய பைக்குள்ளேயே பூட்டிய அறையில் இருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற கழிவு வண்டி வரும் வரை.