நான்கு ஏரிகளும் ஒரே நேரத்தில்: ஃபாஸ்ட்ஏபிஐயில் முதல் அசிங்க் செயலி

சென்னையில் மழை வலுத்தால் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: செம்பரம்பாக்கத்தில் இப்போது எத்தனை அடி? 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் விவரம் தரும் சின்ன வலைச் செயலி ஒன்றைச் செய்து அசிங்க், அதாவது ஒரு வேலை காத்திருக்கும்போது அடுத்த வேலையைப் பார்க்கும் முறையை, கற்றுக்கொள்வோம். பைத்தானில் ஃபங்ஷன் எழுதத் தெரிந்தால் போதும். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: நிறுவுதல்

புது ஃபோல்டரில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி ஆக்டிவேட் செய்யுங்கள். பிறகு பிப் மூலம் ஃபாஸ்ட்ஏபிஐ, யுவிகார்ன், ஹெச்டிடிபிஎக்ஸ் மூன்றையும் நிறுவுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐ என்பது செபாஸ்டியன் ராமிரெஸ் 2018இல் வெளியிட்ட ஃபிரேம்வொர்க். யுவிகார்ன் அதை ஓட்டும் சர்வர். மூன்றாவது வெளித் தளங்களை அழைக்கும் லைப்ரரி, அது கடைசிப் படிக்கு.

படி 2: வணக்கம்

‘மெயின்’ என்ற பைத்தான் கோப்பில் ஃபாஸ்ட்ஏபிஐ ஆப் ஒன்றை உருவாக்குங்கள். ‘வணக்கம்’ என்ற பாதைக்கு ஒரு ‘அசிங்க் டெஃப்’ ஃபங்ஷன் எழுதி, ஒரு டிக்‌ஷனரியைத் திருப்பி அனுப்புங்கள். யுவிகார்னை ‘ரீலோட்’ வசதியோடு ஓட்டி, பிரவுசரில் 127.0.0.1:8000 முகவரியில் அந்தப் பாதையைத் திறந்தால் பதில் வரும்.

படி 3: ஏரிகள்

இப்போது ஏரியின் பெயரை வாங்கும் இன்னொரு அசிங்க் ஃபங்ஷன். அசிங்க்ஐஓ என்பது பைத்தானோடு வரும் மாட்யூல், அதை இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். ஃபங்ஷனுக்குள் ‘அவெய்ட் அசிங்க்ஐஓ ஸ்லீப் 2’ என்று எழுதுங்கள், 2 விநாடி காத்திரு என்று பொருள். வெளித் தளத்திலிருந்து தகவல் வர ஆகும் நேரத்துக்கு இது மாற்று. பிறகு அந்த ஏரியின் முழுக் கொள்ளளவைத் திருப்பி அனுப்பட்டும்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, செங்குன்றம் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி.

‘ஏரிகள்’ என்ற பாதையில் நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக அவெய்ட் செய்து பாருங்கள். 8 விநாடி ஆகும். அதையே, பல வேலைகளைச் சேர்த்து ஓட்டும் ‘அசிங்க்ஐஓ கேதர்’ உள்ளே கொடுத்தால் 2 விநாடிதான். நான்கு தோசையை ஒரே கல்லில் ஊற்றி, வெந்ததைத் திருப்பும் மாஸ்டரின் வேலைதான் இது. ஆள் ஒருவர்தான், சும்மா நிற்பதில்லை. அந்த மாஸ்டரின் பெயர் ஈவென்ட் லூப்.

படி 4: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

இதைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். அசிங்க் புரிவது இங்கேதான்.

அவெய்ட் வரியை எடுத்துவிட்டு, சாதாரண ‘டைம் ஸ்லீப் 2’ போடுங்கள். கேதர் அப்படியே இருந்தும் மறுபடி 8 விநாடி! அது ஓடும்போதே இன்னொரு டேபில் ‘வணக்கம்’ பாதையைத் திறங்கள். ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் அதுவும் தொங்கி நிற்கும். ஈவென்ட் லூப் ஓடுவது ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலைத் தடத்தில். அவெய்ட் வரும் இடத்தில்தான் அது அடுத்த வேலைக்குத் திரும்ப முடியும். டைம் ஸ்லீப் அந்த இடத்தைத் தருவதே இல்லை. ஆக, ‘அசிங்க்’ என்று முன்னால் எழுதிவிட்டதால் மட்டும் வேகம் வராது. மழை நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும் செயலியில் இப்படி ஒரு வரி இருந்தால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அவெய்ட் செய்ய முடியாத பழைய லைப்ரரியைத் தவிர்க்கவே முடியாது என்றால், அந்தப் பாதையின் ஃபங்ஷனை வெறும் ‘டெஃப்’ ஆக எழுதுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தனி த்ரெட்டில் ஓட்டிக்கொள்ளும்.

படி 5: நிஜத் தகவல்

சரி, ஸ்லீப் வரியை எடுத்துவிட்டு, தகவல் தரும் முகவரியை ஹெச்டிடிபிஎக்ஸின் ‘அசிங்க் கிளையன்ட்’ கொண்டு அழையுங்கள். பலருக்கும் பழகிய ‘ரெக்வெஸ்ட்ஸ்’ லைப்ரரி இங்கே வேண்டாம், அதுவும் டைம் ஸ்லீப் போலவே லூப்பைப் பிடித்துவைக்கும். கேதரில் ‘ரிட்டர்ன் எக்ஸெப்ஷன்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கிவிடுங்கள். பூண்டியின் தகவல் வராமல் போனால், பிழை அந்த இடத்தில் மட்டும் வரும். அதைச் சோதித்து ‘தகவல் இல்லை’ என்று காட்டுங்கள். மற்ற மூன்று ஏரிகளின் நிலவரம் மக்களுக்குப் போய்ச் சேரும்.