பெல்லட் உட்காரவில்லையா? தட்டாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கீழக்கரையிலிருந்து ஒரு பையன் ஏர் ரைபிளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "காக்கா (அண்ணே), பெல்லட் பாதிக்கு மேல உள்ள போக மாட்டேங்குது" என்றான். சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் பிடியால் பெல்லட்டின், அந்தச் சின்ன ஈயக்குண்டின், பின்பக்கம் ஒரு தட்டு தட்டினான். கையைப் பிடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் என் முதல் துப்பாக்கியில் நானும் அதே இடத்தில் அப்படித்தான் தட்டினேன். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆள் பக்கம் குழாயைத் திருப்பாதே, சுடும்வரை விசையில் விரல் வைக்காதே என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்குள் போகவில்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 ஏர் ரைபிளில், பெல்லட் சரியாக உட்காராதபோது நாம் செய்துவிடும் காரியங்கள்தான் இங்கே பேச்சு.

தட்டி ஏற்றுவது

ஒரு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முன்னால் தலை கனமாக இருக்கும், நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும், பின்னால் பாவாடை மாதிரி மெல்லிசாக விரிந்திருக்கும். அந்தப் பாவாடையைத்தான் ஸ்கர்ட் என்கிறோம். சுடும்போது பின்னாலிருந்து அடிக்கும் காற்று அதை விரித்துப் பேரலின் சுவரோடு ஒட்டவைக்கிறது. காற்று பக்கவாட்டில் தப்பாமல் இருப்பது அதனால்தான். பெல்லட்டிலேயே மெல்லிய இடம் அது. அங்கே போய்த் தட்டினால் விளிம்பு மடங்கிவிடும்.

பேரலை மடக்கி லோட் செய்யும் துப்பாக்கியில் ஸ்கர்ட்டின் விளிம்பு பிரீச்சின், அதாவது பெல்லட் போடும் பின்வாயின், முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினாலே அது அங்கே போய்விடும். ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது பேரலை மூடினால், விளிம்பு சீவுபட்டு, நகம் வெட்டிய துணுக்கு போல ஒரு ஈயச் சீவல் விழும். அது போய் உட்காரும் இடம் பிரீச்சைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஓ-ரிங். அடுத்த தடவை மூடும்போது சீவல் ரப்பருக்குள் பதியும். சீக்கிரமே ஓ-ரிங் கிழியும்.

எனக்கு நடந்தது இதைவிட மோசம். மடங்கிய பெல்லட்டோடு மூடிச் சுட்டேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். அட்டையில் ஓட்டை இல்லை. குறி தப்பிவிட்டது என்று நினைத்து இன்னொன்று போட்டேன். அட்டையில் எதுவும் இல்லை. மூன்றாவதும் அப்படியே. நான்காவதுக்குத்தான் சந்தேகம் வந்தது. முதல் பெல்லட் பாதி வழியில் நின்றிருக்கிறது. மற்ற இரண்டும் அதன் முதுகில் போய் மோதி, மூன்றும் ஒரே ஈயக்கட்டியாக இறுகிவிட்டன.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பழைய குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி, பேரலின் வாய்ப்பக்கமாக விட்டுச் சுத்தியலால் அடித்தேன். ஈயம் வெளியே வந்துவிட்டது. ஆனால் இரும்புக் கம்பி உரசி, பேரல் வாயின் உள்விளிம்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. பெல்லட் பேரலை விட்டுப் பிரியும்போது கடைசியாகத் தொடும் இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு பக்கம் கீறியிருந்தால் காற்றும் அந்தப் பக்கமாக முந்தி வெளியேறும். பெல்லட்டைக் கிளம்பும்போதே ஆட்டிவிடும். அதற்கு முன் பத்து மீட்டரில் பத்து குண்டு ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. பேரலை மாற்றினேன், துப்பாக்கி விலையில் பாதி போயிற்று. பேரல் வந்து சேர மூன்று மாதம். அந்த வருஷத்து மாவட்டப் போட்டியும் போயிற்று.

இன்னமும் எரிச்சலாக இருப்பது, "லேசா தட்டுங்க, போயிரும்" என்று விவரம் தெரிந்த ஆட்களே சொல்லிக்கொடுப்பதுதான். கட்டைவிரலுக்கு இறங்காத பெல்லட்டுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும்.

அந்த பெல்லட்டை எடுத்துவிட்டு வேறு டப்பாவிலிருந்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது உட்கார்ந்தால் கோளாறு பெல்லட்டில். கண்ணாடித் துண்டின் மேல் பழைய பெல்லட்டை உருட்டுங்கள், நெளிந்திருந்தால் தள்ளாடும். டப்பாவின் மேலோ அடியிலோ தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே .177 தான், ஆனால் இறுக்கமான பேரலுக்கு இந்த நூறில் ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். எந்த டப்பாவும் உட்காரவில்லை என்றால் கோளாறு பேரலில். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து பிரீச்சின் வாயைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் ஈய வளையமோ, காவி நிறத்தில் துருவோ தெரியும்.

கிழிந்த ஓ-ரிங்கைக் கண்டுபிடிக்க, பிரீச் மூடும் இடத்தின் மேல் ஒரு சின்ன டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் காற்று கசிகிறது.

உள்ளே மாட்டிக்கொண்ட பெல்லட்டை எடுக்க மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோதான். துப்பாக்கி காக் ஆகாமல், அதாவது சுடத் தயாரான நிலையில் இல்லாமல், இருக்க வேண்டும். இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். அப்புறம் மெதுவாகத் தள்ளுங்கள், அடிக்காதீர்கள்.

வெளுத்த பெல்லட்டைப் போடுவது

இது நம் ராமநாதபுரக் கரையின் தனிப் பிரச்சினை. வலையில் கட்டும் ஈயக்குண்டு நாளாவட்டத்தில் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பெல்லட்டும் ஈயம்தான். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்பையே அரித்துத் தின்ற காற்று, மூடி சரியில்லாத டப்பாவை விட்டுவைக்குமா? வெள்ளையாக மாவு படிந்த பெல்லட்டின் தலை சொரசொரப்பாகிவிடும், பேரலில் இறங்காது. அந்த மாவு விஷம் வேறு.

பலரும் பெல்லட்டை மரப்பெட்டியில் வைக்கிறார்கள். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். அருங்காட்சியகங்களில் ஈயப் பொருளை மர அலமாரியில் வைப்பதைத் தவிர்ப்பதும் இதனால்தான். இறுக மூடும் தகர டப்பா போதும். வாடைக் காற்று தொடங்கும்போது உள்ளே ஒரு சிலிக்கா பொட்டலமும் போட்டுவிடுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை, வெளுத்த பெல்லட்டையெல்லாம் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். பளபளவென்றுதான் இருந்தது. பத்து நாளில் முன்னைவிட அதிகமாக வெளுத்தது. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் ஈயத்தின் பக்கம் வரக் கூடாது. வெளுத்துவிட்டால் வெறுங்கையால் தொடாமல் தனியாக ஒதுக்கி வையுங்கள். அதைச் சுட வேண்டாம்.

எண்ணெயைக் கொட்டுவது

துருவுக்குப் பயந்து பேரலுக்குள் எண்ணெயை ஊற்றிவிட்டு, "இனி வழுக்கிக்கொண்டு போகும்" என்று நினைப்பார்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் காற்றை அழுத்தும்போது காற்று கடுமையாகச் சூடாகும். அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜினில் நடப்பது போலப் பற்றிக்கொள்ளும். பட்டாசுச் சத்தமும் பேரல் வாயில் புகையும் வந்தால் அதுதான். பிஸ்டனின் சீல் கருகிவிடும். வெளிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், அது கட்டாயம். உள்ளே எண்ணெய் பூசியிருந்தால் சுடுவதற்கு முன் உலர்ந்த துணித்துண்டு இரண்டை விட்டு இழுத்துவிடுங்கள்.

பேரலை விட்டுவிட்டு லோட் செய்வது

மடக்கிய பேரலை ஒரு கை எப்போதும் பிடித்திருக்க வேண்டும். விசை நழுவினால் பேரல் படீரென்று மூடிக்கொள்ளும். பிரீச்சில் பெல்லட்டை அழுத்திக்கொண்டிருக்கும் கட்டைவிரல் அங்கேதான் இருக்கிறது. பெல்லட் உட்காராமல் மல்லுக்கட்டும்போதுதான் இந்தக் கை தானாக விலகுகிறது.

உதட்டில் பெல்லட்டைக் கவ்விக்கொள்வது

ஈயம். கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வடையைத் தொட வேண்டும்.

பறவை

கூடாது. நம் பக்கத்துத் தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் பறவைச் சரணாலயங்கள். வீட்டுக் கொல்லையில் வந்து உட்கார்ந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கேயும் உண்டு.

பெல்லட் இல்லாமல் சுட்டுப் பார்ப்பது

ஸ்பிரிங் துப்பாக்கியில் வேண்டாம். எதிர்ப்பு இல்லாமல் பிஸ்டன் போய் முன்சுவரில் மோதும்.

கீழக்கரைப் பையனின் பேரலில் ஓ-ரிங்கை ஒட்டி ஒரு முழு ஈய வளையம் இருந்தது. பல்குத்தும் குச்சியால் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து எடுத்தோம். ஓ-ரிங் பிழைத்துவிட்டது. அவன் கொண்டுவந்த டப்பா 4.51, என்னிடமிருந்த 4.49-இல் ஒன்றைக் கொடுத்தேன். கட்டைவிரலால் அழுத்தினான், இறங்கிச் சமமாக நின்றது. ஸ்க்ரூடிரைவரை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.