மஃபாத்துக்கு முதல் நடைப்பயணம்: திட்டமிடுவது எப்படி?

மஃபாத்துக்குச் சாலை கிடையாது. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் நடுவே, செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தில் சில நூறு பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன. நாம் நடந்துதான் போக வேண்டும். இதே தீவில் சேன்-தாந்த்ரே ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்குக் காரைக்காலிலிருந்து உறவினர் யார் வந்தாலும் கோயில், கடற்கரை, எரிமலை என்று காட்டி அனுப்பிவிடுவது வழக்கம். மஃபாத்தைக் காட்டாமல் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் போய் வரக்கூடிய ஒரு வழியை இங்கே சொல்கிறேன்.

2007-இல் அமைந்த ரெயூனியன் தேசியப் பூங்கா, தீவின் 40 சதவீதத்துக்கும் மேலான பரப்பைத் தன்னுள் கொண்டது. 2010-இல் இந்த மலைகளும் பள்ளங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பூங்காவுக்கு வாசல் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை.

முதல் படி: மாதம். மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. புயல் காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை, முதல் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம். ஜூலையில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் இரவுக் குளிர் கடுமை, மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

இரண்டாம் படி: இரவுத் தங்கல். விமான டிக்கெட் எடுத்த கையோடு இதைச் செய்துவிடுங்கள். மஃபாத்தில் ஓட்டல்கள் இல்லை. ‘ஜீத்’ எனப்படும் எளிய விடுதிகள்தாம். பள்ளி விடுமுறை நாட்களில் படுக்கைகள் விரைவில் நிரம்பிவிடும். படுக்கையோடு இரவுச் சாப்பாட்டையும் முன்பதிவு செய்யுங்கள். எத்தனை பேருக்கு என்று தெரிந்தால்தான் அவர்கள் உலை வைக்க முடியும். சோறு, அவரை வகைப் பயறு, இறைச்சிக் குழம்பு, காரமான துவையல் என்று இலையில்லா விருந்து. அங்கே குழம்புக்குப் பெயர் ‘காரி’. நம்முடைய கறிதான் அது. தீமிதி விரதத்திலோ காவடி விரதத்திலோ இருப்பவர்கள் பதிவு செய்யும்போதே சைவம் என்று சொல்லிவிட வேண்டும். யூரோவை ரொக்கமாகக் கொண்டுபோவது நல்லது.

மூன்றாம் படி: வழி. மஃபாத்துக்குள் இறங்கப் பல பாதைகள் உண்டு. புதியவர்களுக்கு ஏற்றது கோல் தே பேஃப் கணவாயிலிருந்து லா நூவேல் ஊருக்கு இறங்கும் பாதை. சேன்-தாந்த்ரேயிலிருந்து சலாசி, கிராண்ட் இலே வழியாக மேலே போனால் கணவாய்க்கு அருகில் வண்டி நிறுத்துமிடம் வரும். கணவாயின் உயரம் ஏறத்தாழ 1,950 மீட்டர். லா நூவேல் 1,400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இறங்க இரண்டு மணி நேரம் ஆகும், திரும்பி ஏற அதைவிடக் கூடுதலாக ஆகும். மைதோ முகட்டிலிருந்து இறங்கும் பாதை படத்தில் அழகாகத் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை நினைக்கவே வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், மண்சரிவால் பாதை மூடப்பட்டிருக்கிறதா என்று வன அலுவலகத்தின் அறிவிப்பையும், கூடவே வானிலையையும் பாருங்கள்.

நான்காம் படி: நேரம். இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். முதல் முறை நாங்கள் காலை ஒன்பது மணிக்குத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினோம். கணவாயை அடைந்தபோது மேகம் மேலேறி வந்து பள்ளத்தை முழுக்க மூடியிருந்தது. தூறலில் நனைந்த மரப்படியில் என் மகன் சறுக்கி விழுந்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். எதிரே ஆயிரம் மீட்டர் உயரச் சுவர் நிற்கிறது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை விடியுமுன் புறப்பட்டு ஏழு மணிக்குக் கணவாயில் நின்றோம். கீழே ஒவ்வொரு கூரையும் தனித்தனியே தெரிந்தது.

ஐந்தாம் படி: பை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, நெற்றி விளக்கு, அடிப்பாகம் வழுக்காத காலணி. ஓடை நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்காதீர்கள். ஊரில் மின்கம்பி கிடையாது, சூரியத் தகடுகளிலிருந்துதான் மின்சாரம். கைபேசியை வீட்டிலேயே முழுமையாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். அவசர எண் 112. ஒரு காலிப் பையும் இருக்கட்டும். மஃபாத்தின் குப்பையும் ஹெலிகாப்டரில்தான் வெளியேற வேண்டும் என்பதால், நாம் கொண்டுபோன பிஸ்கட் உறையை நாமே திருப்பிக் கொண்டுவருவதுதான் முறை.

ஆறாம் படி: நடை. கணவாயிலிருந்து இறங்கினால் தமரேன் மரங்கள் நிறைந்த சமவெளி வரும். பெயரைக் கேட்டுப் புளியமரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது ரெயூனியனுக்கே உரிய வேல மர இனம். புயலில் சாய்ந்த அடிமரங்கள் படுத்தபடியே மீண்டும் கிளைவிட்டு நிமிர்ந்திருக்கும், பட்டை முழுக்கப் பாசியும் தாடி போலத் தொங்கும் மரப்பாசியும் (லைக்கன்). இங்கே அரை மணி நேரமாவது உட்காருங்கள். ‘தெக்-தெக்’ என்று ஒலியெழுப்பும் ஒரு சிறு குருவி கிளைக்குக் கிளை தாவி உங்களோடு கூடவே வரும். அதன் ஒலியே அதற்குப் பெயராகிவிட்டது.

லா நூவேலை அடைந்ததும் விடுதிக்காரரிடம் மஃபாத் என்ற பெயரைப் பற்றிக் கேளுங்கள். கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பெருந்திரளாக வந்து சேர்வதற்கு முன்பே, எசமானரிடமிருந்து தப்பிய அடிமைகள் இந்த மலைக்குள் ஒளிந்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய தலைவர் ஒருவரின் பெயர்தான் இது.

மறுநாள் காலைச் சிற்றுண்டியை ஆறரை மணிக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். ஏற்றம் முழுக்க வெயிலுக்கு முன் முடிந்துவிடும், பத்து மணிக்குள் வண்டிக்கு அருகில் இருப்பீர்கள்.